எஸ்யூவிக்கு அடியில் சத்தம்: கம்பெனி சர்வீஸா, வெளிப் பட்டறையா, ரீகண்டிஷனா?

வண்டி 80,000 கிலோமீட்டரைத் தாண்டியதும் எங்கள் பக்கத்து எஸ்யூவிக்காரர்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "ஏனுங்க, ஷாக்கு நாலும் மாத்தோணும்ங்கறாங்க, கம்பெனியிலயே மாத்தறதா, வெளிய பட்டறையில குடுக்கறதா?" ஷாக் போய்விட்டது என்று யார் சொன்னார்கள், எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேரிடம் பதில் இருக்காது. சர்வீஸுக்கு விட்டிருப்பார், அடியில் சத்தம் வருகிறது என்று சொல்லியிருப்பார், அவர்கள் ஒரு எஸ்டிமேட்டை நீட்டியிருப்பார்கள், அதில் ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை. அவ்வளவுதான் நடந்திருக்கும்.

எங்கே மாற்றுவது என்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சத்தம் ஒரு புகார், துள்ளல் வேறொரு புகார். சத்தம் போடுவது பெரும்பாலும், இரும்புப் பாகங்கள் சேருகிற இடத்தில் அதிர்வை வாங்குகிற ரப்பர் புஷ்ஷும், அசைந்து கொடுக்கிற ஜாயின்ட்டும். துள்ளுவதற்கும் மிதப்பதற்கும் காரணம் பெரும்பாலும் ஷாக் அப்சார்பர். ஒன்றுக்குக் காசைக் கொடுத்துவிட்டு இன்னொன்று தீரும் என்று எதிர்பார்ப்பதில்தான் நம் ஆட்களின் பணம் போகிறது.

பெருந்துறைப் பக்கம் இருக்கிற பங்காளி ஒருவர் வண்டியில் இதுதான் நடந்தது. சர்வீஸ் சென்டரில் நான்கு ஷாக், இரண்டு லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு பிடித்திருக்கிற கை) என்று எழுதிக் கொடுத்தார்கள். ஈரோட்டில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினார், அவர் முன்பக்கத்தில் லிங்க் ராட் என்கிற சின்னக் கம்பி இரண்டையும் மாற்றிச் சத்தத்தை நிறுத்திவிட்டார். பங்காளிக்கு ஒரே குஷி, நல்லவேளை தப்பித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்புறம் குடும்பத்தோடு பழனிக்குப் போய்விட்டு வந்தவர், பின்சீட்டில் இருந்தவர்களுக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது, பாலத்து ஜாயின்ட் வருகிற இடத்திலெல்லாம் வண்டி இரண்டு தடவை குதிக்கிறது என்று சலித்துக்கொண்டார். பின்பக்க ஷாக் உண்மையிலேயே போயிருந்தது. ஆக, எஸ்டிமேட்டும் பாதி சரி, மெக்கானிக்கும் பாதி சரி.

நம் ஊர் வண்டிகளுக்கு இது ஏன் இப்படிக் கலந்து வருகிறது என்றால், ஓடுகிற ரோடு அப்படி. காலையில் சேலம் - கொச்சி நெடுஞ்சாலை 544-இல் நூறில் போகிற அதே வண்டி, மத்தியானம் காங்கேயம் தாராபுரம் பக்கம் ஊருக்கு ஊர் போட்டு வைத்திருக்கிற வேகத்தடைகளில் ஏறி இறங்கி, சாயங்காலம் தோட்டத்துக்குப் போகிற இட்டேரியில் கல்லும் குழியுமாக உருண்டுகொண்டிருக்கும். நெடுஞ்சாலை ஷாக்கைச் சோதிக்கும். வேகத்தடையும் இட்டேரியும் ரப்பரைத் தின்னும். டவுனுக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு ஒரு வகைத் தேய்மானம்தான் வரும், நம் வண்டிகளுக்கு இரண்டும் சேர்ந்து வரும்.

அடியில் என்ன இருக்கிறது

ரொம்ப ஆழமாகப் போக வேண்டாம், ஆனால் எஸ்டிமேட்டைப் படிக்கிற அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கினால் எழும், எழுந்தால் மறுபடி அமுங்கும், அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே ஆயில், ஆயிலுக்குள் சின்னச் சின்னத் துளைகளும் வால்வும் கொண்ட ஒரு பிஸ்டன். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது ஆயில் அந்தத் துளைகள் வழியே பிதுங்குகிறது, ஆட்டம் சூடாக மாறி வெளியே போய்விடுகிறது. ஆயிலில் நுரை கட்டக்கூடாது என்பதற்காக இப்போதைய ஷாக்குகளில் பெரும்பாலும் நைட்ரஜன் வாயுவையும் அடைத்திருப்பார்கள். சீல் தேய்ந்தால் ஆயில் கசியும், வாயு போகும். வால்வு தேய்ந்தால் வெளியே சொட்டு ஆயில்கூடத் தெரியாது, ஆனால் ஷாக் செத்துக்கிடக்கும். "லீக் இல்லீங்க, ஷாக்கு நல்லாத்தான் இருக்குது" என்பதை அப்படியே நம்ப முடியாது என்பது இதனால்தான்.

கிரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா மாதிரி வண்டிகளில் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும், அதன் தலையில் ஒரு ரப்பர் மவுண்ட், அதோடு ஒரு பேரிங். கீழே லோயர் ஆர்ம், அதில் இரண்டு புஷ், சக்கரத்தோடு சேருகிற முனையில் ஒரு பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு). இரண்டு சக்கரத்தையும் இணைத்து வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பி ஸ்டெபிலைசர் பார், அதை ஸ்ட்ரட்டோடு கோர்ப்பது லிங்க் ராட். பின்பக்கம் டார்ஷன் பீம் என்கிற ஒரே குறுக்குத் தண்டு, அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு பெரிய புஷ். எளிமையான அமைப்பு, பராமரிக்கச் செலவு குறைவு.

ஹாரியர் கொஞ்சம் வேறு. பின்பக்கம் ட்விஸ்ட் பிளேட் என்கிற குறுக்குத் தண்டோடு, அது பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற ஒரு பேன்ஹார்ட் ராடும் உண்டு. எக்ஸ்யூவி 700-இல் பின்பக்கமும் தனித்தனிச் சக்கரம், ஒவ்வொன்றையும் பல கைகள் பிடிக்கிற மல்டிலிங்க், அதனால் புஷ் எண்ணிக்கை அதிகம், சொகுசும் அதிகம், நாளைக்குச் செலவும் அதிகம். ஸ்கார்ப்பியோ-என் (Scorpio-N), ஏணி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உடம்பை வைத்த லேடர் ஃபிரேம் வண்டி, முன்னால் மேலும் கீழும் ஆர்ம் உள்ள டபுள் விஷ்போன், பின்னால் ஐந்து லிங்க் வைத்த முழு ஆக்ஸில், அது பக்கவாட்டில் நகராமல் பிடிக்க வாட்ஸ் லிங்கேஜ். ஒரே விலைக்குப் பக்கத்தில் பக்கத்தில் விற்கிற வண்டிகள்தான், அடியில் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அதனால் கிரெட்டா வைத்திருக்கிற மச்சானுக்கு எவ்வளவு ஆனது என்பதை வைத்து உங்கள் எக்ஸ்யூவி 700-க்குக் கணக்குப் போடாதீர்கள்.

சத்தத்தைக் கேட்டுப் பிரிப்பது

காசு செலவில்லாத வேலை இது, ஆனால் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, ஏசியையும் அணைத்துவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத மோசமான ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

சின்னச் சின்னக் குழிகளில், இடதும் வலதுமாகச் சக்கரம் மாறி மாறி ஏறி இறங்கும்போது "டொக் டொக்" என்று வருகிறதா? முதல் சந்தேகம் லிங்க் ராட், இரண்டாவது ஸ்டெபிலைசர் பார் புஷ். இதை உறுதிப்படுத்த ஒரு பழைய தந்திரம் உண்டு. இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி, எதிலும் இடிக்காதபடி கட்டிவைத்துவிட்டு, பட்டறையைச் சுற்றி மெதுவாக ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பது. சத்தம் காணாமல் போனால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் தெரியாது, இரண்டையும் கழற்ற வேண்டும். அந்த நிலையில் வளைவில் வண்டி அதிகம் சாயும், அதனால் மெயின் ரோட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

பிரேக்கை அழுத்தும்போது ஒரு "டக்", விட்டு நகரும்போது இன்னொரு "டக்" என்றால் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ். மலை இறங்குகிறவர்களுக்கு இது சீக்கிரம் தெரிந்துவிடும், வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கும்போது அந்தப் புஷ்தான் ஒவ்வொரு தடவையும் அடி வாங்குகிறது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஸ்பிரிங் சுருண்டு துள்ளுகிற மாதிரி சத்தமும் கையில் ஒரு அதிர்வும் வந்தால் ஸ்ட்ரட் மவுண்டின் பேரிங். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது பின்பக்கம் "கிர்ர்" என்று கட்டில் முனகுகிற மாதிரி கேட்டால் பீம் புஷ். ஹம்மென்று ஒரே சீராக வந்து வேகத்தோடு ஏறுகிறது என்றால் அது சஸ்பென்ஷனே இல்லை, வீல் பேரிங்கையோ டயரையோ பாருங்கள்.

சத்தமே இல்லாமல், நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வண்டி ஒருமுறை எழுந்து அடங்காமல் இரண்டாவது தடவையும் அசைந்தால், வேகத்தில் லேன் மாறும்போது படகு போல மிதந்தால், பிரேக் அடித்ததும் மூக்கு குத்தினால், அது ஷாக். டயரையும் தடவிப் பாருங்கள். தரையில் படுகிற பட்டனின் மேல் கையை வைத்துச் சுற்றிலும் தேய்த்துக்கொண்டு போகும்போது மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தட்டுப்பட்டால் ஷாக் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். பானட்டை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுகிற சோதனையை எல்லாரும் சொல்வார்கள். முழுக்கச் செத்துப்போன ஷாக்கை மட்டும்தான் அது காட்டிக்கொடுக்கும், பாதி தேய்ந்தது அதில் தப்பித்துவிடும். ஷாக்கின் உடம்பில் லேசான ஈரப்படலத்தோடு தூசி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், ஆயில் வழிந்து கீழே வரை நனைந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் டயர் காற்று. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, காலையில் வண்டி ஓடுவதற்கு முன் அளந்து பாருங்கள். பங்கில் காற்று அடிக்கிற தம்பி "பெரிய வண்டிதானுங்களே" என்று 40-க்கு அடித்துவிட்டிருப்பான், நாம் ரைடு கட்டையாக இருக்கிறது என்று ஷாக்கைத் திட்டிக்கொண்டிருப்போம்.

எந்த வழி யாருக்கு

சரி, கோளாறு இன்னதென்று ஓரளவு தெரிந்துவிட்டது. இப்போது வழிகளைப் பார்க்கலாம்.

சத்தம் மட்டும்தான், மிதப்பு இல்லை என்றால், அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவதுதான் முதல் வழி. லிங்க் ராட் ஒரு ஜோடி, ஸ்டெபிலைசர் புஷ் ஒரு ஜோடி, அவ்வளவுதான். விலையும் கூலியும் கம்மி, ஒரு மணி நேர வேலை, அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தை அளந்து சரிசெய்வது) கூடத் தேவையில்லை. ஒரிஜினலே வாங்குங்கள், இதில் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. லோயர் ஆர்ம் புஷ் என்றால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். பல சர்வீஸ் சென்டர்களில் புஷ்ஷை மட்டும் மாற்ற மாட்டார்கள், ஆர்மை முழு செட்டாகத்தான் போடுவார்கள். வெளியே புஷ்ஷை மட்டும் வாங்கி, பிரஸ் வைத்து ஏற்றிக்கொள்ளலாம், கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. பால் ஜாயின்ட் இறுக்கமாக இருந்து, புஷ்ஷின் தரமும் நம்பிக்கையாக இருந்தால் அது நல்ல சிக்கனம். பால் ஜாயின்ட்டிலும் ஆட்டம் இருந்தால் முழு ஆர்மையே போட்டுவிடுங்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிக்கொள்ளும், அங்கே கஞ்சத்தனம் ஆகாது.

ஷாக்தான் போயிருக்கிறது என்றால் கம்பெனி சர்வீஸ் ஒரு வழி. பில், பாகத்துக்கு வாரன்டி, சரியான ஸ்பிரிங் கம்ப்ரஸர், எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு, இதெல்லாம் அங்கே இருக்கும். வண்டி வாரன்டியில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், நேராக அங்கே போய் எழுத்தில் புகார் பதிய வையுங்கள். ஆனால் நீட்டித்த வாரன்டி வாங்கியிருக்கிறோம் என்று தைரியமாகப் போகிறவர்கள் முதலில் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், ரப்பர் புஷ்ஷைத் தேய்மானப் பொருள் என்று பலவற்றில் ஒதுக்கியிருப்பார்கள். எக்ஸ்யூவி 700, ஜீப் காம்பஸ் மாதிரி வண்டிகளுக்கும் நான் கம்பெனிப் பாகம்தான் சொல்வேன். அவற்றில் இருப்பது சாதாரண ஷாக் இல்லை, வேகமான சின்ன அதிர்வுக்கு இளகியும் மெதுவான பெரிய ஆட்டத்துக்கு இறுகியும் நடந்துகொள்கிற வால்வு உள்ள ரகம். அந்த இடத்தில் கடையில் கிடைக்கிற சாதாரண ஷாக்கைப் போட்டால் பொருந்தும், ஓடும், ஆனால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வண்டியின் குணம் போய்விடும்.

சர்வீஸ் சென்டரில் எனக்கு இருக்கிற மனக்குறை ஒன்றுதான். சத்தத்தைத் தேடிக் கண்டுபிடிக்க நேரம் ஒதுக்க மாட்டார்கள். லிஃப்டில் ஏற்றுவார்கள், ஆட்டிப் பார்ப்பார்கள், சந்தேகப்படுகிற எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். அதனால் கோளாறை நீங்களே பிரித்துக்கொண்டு போய், "இந்த இரண்டை மட்டும் மாற்றுங்கள்" என்று சொல்கிறவருக்கு அந்த இடம் நன்றாகவே உதவும். "என்னான்னு பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறவருக்கு அது செலவு.

வாரன்டி முடிந்த கிரெட்டா, செல்டோஸ், ஹாரியர் ரக வண்டிக்கு நான் சொல்வது வெளிப் பட்டறை, ஆனால் பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுப்பது. கம்பெனி ஸ்பேர் கவுன்டரிலேயே வண்டி நம்பரைச் சொல்லி வாங்கலாம், இல்லையென்றால் கேப்ரியல், மன்றோ, கேஒய்பி மாதிரி ஷாக் செய்வதே தொழிலாக உள்ள கம்பெனிகளின் பெட்டியை அங்கீகரிக்கப்பட்ட கடையில் பில்லோடு வாங்கலாம். போலி நிறைய உலவுகிறது. அச்சு மங்கல், பார்ட் நம்பர் பெட்டியில் ஒன்று ஷாக்கில் ஒன்று, விலை மட்டும் ஆளை மயக்குகிற மாதிரி என்றால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். மாற்றியதும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் வைத்துக் கொலு வைக்க அல்ல, மாற்றினார்களா என்று தெரிய.

ஒரு பக்கம் மட்டும் லீக் ஆனாலும் அந்த ஆக்ஸிலுக்கு ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புதிதும் பழையதும் இரு பக்கமும் இருந்தால் வேகத்தில் வண்டி ஒரு பக்கம் மட்டும் அசையும். ஆனால் ஜோடி என்பதை நான்கு என்று நீட்டிக்கொள்ளத் தேவையில்லை. டார்ஷன் பீம் வண்டிகளில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்பதால் பின்பக்க ஷாக் மாற்றுவது எளிது, ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டுகிற வம்பே கிடையாது. பாகமும் முன்பக்க ஸ்ட்ரட்டை விட விலை குறைவு. டிக்கியில் தேங்காய் மூட்டையும், பின்சீட்டில் மூன்று பேரும் என்று ஓடுகிற வண்டிகளில் முதலில் சாவதும் இதுதான். கையில் இருக்கிற பணம் ஒரு ஜோடிக்குத்தான் காணும் என்றால், டயர் தேய்மானமும் மிதப்பும் பின்னால்தான் என்று தெரிந்தால், பின்பக்கத்தை முதலில் மாற்றுங்கள். போட்ட காசுக்கு உடனே வித்தியாசம் தெரிகிற வேலை இது.

முன்பக்கம் மாற்றும்போது கணக்கு வேறு. ஸ்ட்ரட்டை இறக்கியதும் மவுண்ட், பேரிங், கடைசி அடியைத் தாங்குகிற பம்ப் ஸ்டாப், தண்டைத் தூசியிலிருந்து காக்கிற டஸ்ட் பூட் உறை எல்லாமே கையில் வந்துவிடும். அப்போது பழைய மவுண்டையே திரும்பப் போட்டுவிட்டு, பிற்பாடு மவுண்டுக்காக இன்னொருமுறை அதே கூலியைக் கொடுப்பது வீண். இதில் மட்டும் எஸ்டிமேட் நீளமாக இருந்தால் கோபப்படாதீர்கள்.

ரீகண்டிஷன் பற்றிக் கேட்காத ஆளில்லை. பழைய ஷாக்கைத் துளை போட்டோ வெட்டியோ திறந்து, ஆயில் ஊற்றி, சீல் மாற்றி, அடைத்துத் தருவார்கள். பாதி விலைகூட ஆகாது. புதுசு மாதிரியே இருக்கும், கொஞ்ச நாளைக்கு. தேய்ந்த வால்வு அப்படியேதான் உள்ளே இருக்கும், எந்த ஆயில், எவ்வளவு அளவு என்பது அந்தக் கடைக்காரர் கைப்பக்குவம், வாயு அழுத்தம் பல இடங்களில் திரும்ப ஏற்றப்படுவதே இல்லை. இடது ஷாக்கும் வலது ஷாக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. நெடுஞ்சாலையில் குடும்பத்தை ஏற்றிப் போகிற நடுத்தர எஸ்யூவிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். கம்பெனி கைவிட்டுப்போன பழைய மாடல், ஸ்பேரே கிடைக்கவில்லை, தோட்டத்துக்கும் ஊருக்கும் மட்டும் ஓடுகிறது என்றால் செய்துகொள்ளலாம். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கிற செகண்ட் ஹேண்ட் ஸ்ட்ரட்டுக்கும் இதே பதில்தான், அது எந்த விபத்து வண்டியில் இருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் அந்த ரப்பர் பஃபர். ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே திணிக்கிற வளையம், வண்டி அரை அங்குலம் ஒரு அங்குலம் தூக்கிக்கொள்ளும், அடி தட்டாது என்று விற்கிறார்கள். அது அந்தச் சுருளை வேலை செய்ய விடாமல் கட்டிப்போடுகிறது, அதனால் ஸ்பிரிங் விறைப்பாகிறது. விறைத்த ஸ்பிரிங்கை அடக்குகிற தெம்பு உங்கள் பழைய ஷாக்குக்குக் கிடையாது. விளைவு, மிதப்பதாக இருந்த வண்டி இப்போது தூக்கியடிக்கும். ஷாக் போனதற்கு இது மருந்தே இல்லை. ஸ்பேஸர் என்கிற துண்டைச் சொருகி வண்டியை உயர்த்துவது அதற்கும் மேல். டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறும், அலைன்மென்ட் கெடும், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவிலும் தடை இருக்கிறது, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார். கூடவே பெரிய அலாய் வீல் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். வீல் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குறையும், இட்டேரிக் கல்லின் அடி நேராகப் புஷ்ஷுக்குப் போகும். பார்க்க அழகுதான்.

மாட்டுகிற கை

எங்கே கொடுக்கிறோம் என்பதை விட யார் எப்படி மாட்டுகிறார் என்பதில் பாதி ஆயுள் இருக்கிறது. பட்டறையில் நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டையும் பின்பக்க பீம் புஷ்ஷின் போல்ட்டையும், வண்டி லிஃப்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஏர் கன்னால் "டர்ர்" என்று முறுக்கி முடித்துவிடுவார்கள். அது தப்பு. ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொடுத்துத்தான் வேலை செய்கிறது. தொங்குகிற நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலைக்குப் போய்விடும், நின்றுகொண்டிருக்கும்போதுகூட அது முறுக்கேறித்தான் கிடக்கும்.

கோபிப் பக்கம் ஒரு மெக்கானிக் இதைச் செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, ஆர்முக்கு அடியில் ஒரு ஜாக்கியை வைத்து, சக்கரம் தரையில் நின்றால் ஆர்ம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குத் தூக்கி, மட்கார்டுக்கும் ஹப்புக்கும் நடுவே டேப்பை வைத்து அளந்து பார்த்து, அதற்குப் பின்தான் இறுக்குகிற அளவைக் காட்டுகிற டார்க் ரென்ச்சை எடுப்பார். எதுக்குங்கண்ணா இவ்வளவு என்று கேட்டால், "தொங்கறப்ப முறுக்குனா ரப்பரு சீக்கிரம் கிழிஞ்சுருமுங்க, அப்பறம் பார்ட்டு சரியில்லைன்னு கடைக்காரனைத் திட்டுவீங்க" என்பார். புது புஷ் போட்டும் சீக்கிரமே திரும்பச் சத்தம் வருகிற வண்டிகளில் கணிசமானவற்றுக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, ஸ்ட்ரட்டின் நடுத் தண்டு. மேல் நட்டை இறுக்கும்போது தண்டு கூடவே சுற்றுகிறது என்று பளபளப்பான அந்தத் தண்டையே பிளையரால் கவ்விப் பிடிக்கிறவர்கள் உண்டு. அதில் விழுகிற ஒரு சின்னக் கீறல், ஒவ்வொரு தடவை உள்ளே போய் வரும்போதும் சீலை அறுக்கும். புது ஷாக் லீக் ஆகிவிட்டது, கம்பெனி சரியில்லை என்று பேச்சு கிளம்புவது இங்கிருந்துதான்.

ஸ்ட்ரட்டோ லோயர் ஆர்மோ டை ராட் எண்டோ (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு கோர்க்கிற முனை) மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை பிரின்ட் கேளுங்கள். கிரெட்டா ரக டார்ஷன் பீமில் பின்சக்கர அளவைத் திருகிச் சரிசெய்ய ஏற்பாடு கிடையாது, அங்கே எண் சிவப்பில் வந்தால் பீமோ ஹப்போ அடி வாங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "பின்னாடியும் அட்ஜஸ்ட் பண்ணிட்டோமுங்க" என்று அந்த வண்டிக்கு ஒருவர் பில் போட்டால், என்னத்தை அட்ஜஸ்ட் செய்தார் என்று கேட்டு வையுங்கள்.

மாற்றிய பிறகு பராமரிக்க என்று பெரிதாக ஒன்றும் இல்லை, செய்யாமல் இருக்க வேண்டியவைதான் அதிகம். வாட்டர் சர்வீஸில் விட்டால் கழுவி முடித்துவிட்டு அடியில் டீசலையோ பழைய ஆயிலையோ அடித்து விடுகிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. துரு பிடிக்காது, சத்தம் போகும் என்பார்கள். அன்றைக்குச் சத்தம் போகும்தான், ஆனால் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி உப்பி இளகிவிடும். "அடியில எதுவும் அடிக்க வேண்டாமுங்க, தண்ணி மட்டும் போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிரீச் சத்தத்துக்கு ஏதாவது அடித்தே ஆக வேண்டும் என்றால் சிலிக்கான் ஸ்ப்ரே, அது ரப்பரை ஒன்றும் செய்யாது. செம்மண் இட்டேரியில் ஓடுகிற வண்டிகளுக்கு மழைக்காலம் முடிந்ததும் ஸ்பிரிங் உட்காருகிற கிண்ணத்திலும் டஸ்ட் பூட் உறைக்குள்ளேயும் அப்பியிருக்கிற சேற்றைத் தண்ணீர் அடித்து எடுத்துவிடச் சொல்லுங்கள். டஸ்ட் பூட் கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள், அந்த மண் தண்டில் ஒட்டி நேராக சீலுக்குத்தான் போகும்.

வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரத்தை முதலில் ஏற்றிக் குறுக்கே இறங்குகிற பழக்கம் பலருக்கு. அடி தட்டுகிற காருக்கு அது சரி, எஸ்யூவிக்குத் தேவையே இல்லை. ஒவ்வொரு தடவையும் லிங்க் ராடையும் பீமையும் முறுக்குகிறீர்கள். நேராக ஏறுங்கள், வேகத்தடைக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிட்டு, ஏறும்போது காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கோடு ஏறினால் முன்பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், மிச்சம் இருக்கிற கொஞ்ச இடத்தில் அடி முழுக்க பம்ப் ஸ்டாப்பில் இறங்கும்.

இன்னும் ஓரிரு மாதத்தில் வண்டியை விற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். நான்கு ஷாக் போட்ட செலவை வாங்குகிறவர் விலையில் சேர்த்துத் தரமாட்டார். லிங்க் ராடை மாற்றிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, ஷாக்கின் நிலையை அவரிடம் உள்ளபடி சொல்லி, அதற்கேற்ப விலையில் குறைத்துக்கொள்ளுங்கள், அவர் தன் தேவைக்குத் தகுந்ததைப் போட்டுக்கொள்ளட்டும்.